ரம்மி போச்சு, குவார்ட்டர் வந்துச்சு, வலி மட்டும் அப்படியே இருக்கு

கேள்வி:

வணக்கம் மேடம். நாங்க திருப்பூர். வீட்டுக்காரர் பனியன் கம்பெனில லைன் சூப்பர்வைசர், வயசு 36. நான் வீட்லயே பிளவுஸ் தைக்கிறேன். ஒரு பொண்ணு, ரெண்டாவது படிக்கிறா. ரெண்டரை வருஷம் முன்னாடி எனக்கு எட்டாம் மாசத்துல பையன் வயித்துலயே இறந்துட்டான். என்கிட்ட காட்டவே இல்ல. அவர்தான் கொண்டு போய் அடக்கம் பண்ணிட்டு வந்தாரு, எங்கன்னு இன்னிக்கு வரைக்கும் சொன்னதில்ல. நாலாவது நாளே கம்பெனிக்குப் போயிட்டாரு. ஒரு சொட்டு கண்ணீர் விடல மேடம். அப்புறம் போன்ல ரம்மி ஆட ஆரம்பிச்சு, விடிய விடிய ஆடி, ரெண்டு லட்சத்துக்கு மேல போச்சு, என் வளையல் இன்னும் அடகுல இருக்கு. போன வருஷம் அந்த ஆப் எல்லாம் நிறுத்தினப்போ சாமிக்குத் தேங்காய் உடைச்சேன். ரெண்டு மாசம் கூட ஆகல, குடிக்க ஆரம்பிச்சிட்டாரு. கார்த்திகைல மாலை போட்டாரு, அப்போ தொடவே இல்ல, மலைக்குப் போயிட்டு வந்து மாலை கழட்டின அன்னிக்கே மறுபடியும். இப்ப தினமும் ஒரு குவார்ட்டர், சில நாள் அதுக்கும் மேல. அடிக்க மாட்டாரு, கத்த மாட்டாரு, பேசாம படுத்துக்குவாரு. ஒரு நாள் போதைல "நான் போயிட்டா உங்களுக்கெல்லாம் நிம்மதி"ன்னாரு. நான் தான் ராத்திரி ஒரு மணி வரைக்கும் தைச்சு கடனை அடைக்கிறேன், சும்மா உக்காந்தா பைத்தியம் பிடிக்கற மாதிரி இருக்கு. பெத்த புள்ள செத்ததுக்கே அழாத மனுஷனுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? ஒண்ணை விட்டா இன்னொண்ணுக்கு ஏன் போறாரு? சாப்பாட்டுல கலந்து குடுக்கற மருந்து போஸ்டர்ல பாத்தேன், வாங்கலாமா?

பதில்:

சகோதரி, முதல்ல கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லிடறேன், ஏன்னா அது அவசரம். அந்த மருந்தை வாங்காதீங்க. "அவருக்குத் தெரியாமல் கலந்து கொடுக்கலாம்"னு விக்கற பொடில என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. குடியை நிறுத்த டாக்டர்கள் குடுக்கற டைசல்ஃபிரம்னு ஒரு மாத்திரை நிஜமாவே இருக்கு, அதைப் போட்டுட்டு குடிச்சா முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடன்னு அடிச்சு, பிரஷர் கீழ இறங்கும். சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். அதனாலதான் டாக்டர்ங்க ரத்தப் பரிசோதனை பண்ணி, அவர்கிட்டயே எடுத்துச் சொல்லி, அவர் சம்மதிச்ச பிறகுதான் குடுப்பாங்க. அவருக்கே தெரியாம அந்த மருந்து உள்ள போயிருந்து அன்னிக்கு சாயங்காலம் அவர் வழக்கம் போல குடிச்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. போஸ்டர் ஒட்டினவங்க யாரும் ராத்திரி உங்ககூட ஆஸ்பத்திரிக்கு வர மாட்டாங்க.

இனி நீங்க கேட்ட பெரிய கேள்வி, அவருக்கு மனசு இருக்கா.

லெட்டர்ல நீங்க பாதி வரில சொல்லிட்டுப் போன ஒரு விஷயத்துல நான் ரொம்ப நேரம் நின்னுட்டேன். அவர்தான் கொண்டு போய் அடக்கம் பண்ணினாருன்னு எழுதியிருக்கீங்க. அந்த நாளை அவர் பக்கம் நின்னு கொஞ்சம் பாருங்க, ஆஸ்பத்திரில வெள்ளைத் துணில சுத்தி குழந்தையை அவர் கையில குடுத்திருப்பாங்க, கூட ஒரு மாமாவோ மச்சானோ ரெண்டு பேர் போயிருப்பாங்க, ஆட்டோவோ காரோ, மடியில வெச்சுட்டுதான் போயிருப்பாரு, எட்டு மாசக் குழந்தைன்னா முகம், நகம், முடி எல்லாமே வந்திருக்கும். நீங்க பாக்காத அந்த முகத்தை அவர் மட்டும் பாத்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. குழி தோண்டினதுல இருந்து மண்ணு போட்டது வரைக்கும் முன்னாடி நின்னுட்டு, திரும்பி வந்தப்போ அவரைச் சுத்தி இருந்தவங்க என்ன சொல்லியிருப்பாங்க? "நீதான்பா தைரியமா இருக்கணும், நீ உடைஞ்சுட்டா அவளை யாரு தேத்தறது." நம்ம ஊர்ல இதைச் சொல்லாத வீடே இல்ல. அவர் அதை அப்படியே கேட்டு நடந்திருக்காரு சகோதரி. நாலாவது நாள் கம்பெனிக்குப் போனது மனசு இல்லாததால இல்ல, வீட்ல இருக்க முடியாததாலன்னுதான் எனக்குப் படுது. தனியார் கம்பெனில அப்பாவுக்குன்னு சட்டப்படி ஒரு நாள் லீவு கூடக் கிடையாது, போகலைன்னா சம்பளம் போகும், அதுவும் ஒரு பக்கம்.

பெரியவங்க ஒருத்தர் போயிட்டா நம்மகிட்ட எவ்வளவு ஏற்பாடு இருக்குன்னு பாருங்க. ஊரே வரும், ஒப்பாரி வெப்பாங்க, பறை அடிப்பாங்க, மொட்டை, காரியம், பதினாறாம் நாள், வருஷத்துக்கு ஒரு திதின்னு அழறதுக்கு நேரமும் இடமும் ஒதுக்கி வெச்சிருக்கோம். பிறக்காமலே போன குழந்தைக்கு இதுல ஒண்ணுமே இல்ல. பேர் இல்ல, போட்டோ இல்ல, தகவல் சொல்லக் கூட ஆள் இல்ல, "நல்லவேளை பெரிய உயிருக்கு ஒண்ணும் ஆகல, அடுத்தது பொறக்கும்"னு சொல்லி முடிச்சிடுவாங்க. சமூகம் துக்கம்னு ஏத்துக்காத துக்கத்துக்குன்னே தனியா ஒரு பேர் வெச்சு கென்னத் டோகாங்கற அமெரிக்க ஆய்வாளர் 1989-ல புத்தகம் கொண்டு வந்தாரு. அதுல மொத வரிசைல வர்றது இந்த மாதிரி இழப்புதான். அதுலயும் அம்மாவையாவது நாலு பேர் வந்து பாப்பாங்க, அப்பாகிட்ட "உன் வைஃப் எப்படி இருக்கா"ன்னுதான் கேப்பாங்க, நீ எப்படி இருக்கேன்னு யாரும் கேக்கறதில்ல.

அப்போ அந்த வலி எங்க போகும்? உள்ளயே இருக்கும், பகல்ல லைன்ல டார்கெட், ஷிப்மெண்ட்னு ஓடிட்டு இருக்கும்போது தெரியாது, ராத்திரி லைட் அணைச்சதும் வரும். "நினைக்கக் கூடாது"ன்னு அதை அமுக்கப் பாத்தா இன்னும் ஜாஸ்தியா வரும், இது வெறும் பேச்சு இல்ல, டேனியல் வெக்னர்னு ஒரு உளவியல் பேராசிரியர் 1987-ல மாணவர்களை உக்கார வெச்சு "அஞ்சு நிமிஷம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீங்க, நினைச்சா மணி அடிங்க"ன்னாரு, மணி அடிச்சுகிட்டே இருந்துச்சு, அதுக்கப்புறம் இப்போ நினைச்சுக்கோங்கன்னு விட்டப்போ மொதல்ல இருந்தே நினைக்க விட்டவங்களை விட இவங்களுக்குத்தான் அது அதிகமா வந்துச்சு. ஒரு கரடிக்கே இந்தப் பாடுன்னா, மடியில வெச்சுத் தூக்கிட்டுப் போன புள்ளையை நினைக்காம இருக்கறது எப்படி? வெறும் மனசால முடியாது, அதனால கைக்கு ஏதாவது ஒண்ணு தேவைப்படுது, அது மூளையை முழுசா இழுத்து வெச்சுக்கற மாதிரி இருக்கணும்.

ரம்மிக்கு அந்தச் சக்தி நிறையவே இருக்கு. 13 சீட்டு, ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் போடும்போதும் சில செகண்ட்ல முடிவெடுக்கணும், ஒரு ஆட்டம் முடியறதுக்குள்ள அடுத்தது ரெடி. எப்போ ஜெயிப்போம்னு தெரியாது, அந்தத் தெரியாததுதான் ஆளைப் பிடிச்சு வெச்சுக்கும், பரிசு எப்பவாவது மட்டும் வந்தா புறாவும் எலியும் கூட நிறுத்தாம கொத்திகிட்டும் அழுத்திகிட்டும் இருக்கும்னு ஸ்கின்னர்னு ஒரு உளவியல் ஆய்வாளர் எப்பவோ காட்டிட்டாரு. டோபமைன்னு இப்ப எல்லாரும் சொல்றாங்களே, அது சந்தோஷத்தைக் குடுக்கற ரசாயனம்னு பலர் நினைக்கிறாங்க, அது அதிகமா வேலை செய்யறது "வரப்போகுது, வரப்போகுது"ங்கற எதிர்பார்ப்புல. அதனாலதான் ஒரு சீட்டுல போன ஆட்டம் தோத்த மாதிரியே தோணாது, இன்னொரு கை போடச் சொல்லும். சூதாட்டத்துல மாட்டினவங்ககிட்ட உக்காந்து நிதானமா கேட்டா பலர் சொல்றது ஒண்ணுதான், ஜெயிக்கறதுக்காக ஆடல, ஆடும்போது வேற எதுவும் ஞாபகம் வரல. ஆடற அந்த நேரம் முழுக்க உங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரில இல்ல, அந்த மண்ணு முன்னாடி இல்ல. அதுக்குத்தான் ரெண்டு லட்சம் குடுத்திருக்காரு. பணம் போனது கொடுமை, வளையல் போனது கொடுமை, அதை நான் சின்னதாக்கல. ஆனா ஜாலிக்காக ஆடினாருன்னு நினைச்சீங்கன்னா அடுத்து என்ன பண்ணணும்னு தெரியாமப் போயிடும்.

2025 பிப்ரவரில நம்ம மாநிலத்துல ராத்திரி 12-ல இருந்து காலைல 5 மணி வரைக்கும் காசு வெச்சு ஆடற ஆப்ல லாகின் பண்ண முடியாதுன்னு விதி வந்துச்சு, ஆகஸ்ட்ல மத்திய அரசு சட்டம் போட்டு காசு வெச்சு ஆடற ஆன்லைன் ஆட்டம் மொத்தத்தையும் தடை பண்ணினாங்க. நல்ல சட்டம், அதுல எனக்கு ரெண்டு கருத்து இல்ல, எத்தனையோ குடும்பம் அதனால தப்பிச்சுது. ஆனா உங்க வீட்ல நடந்ததையும் பாருங்க, ஆப் நின்னுச்சு, ராத்திரி நிக்கல. மறுபடியும் அதே இருட்டு, அதே கட்டில், கையில ஒண்ணும் இல்ல. கம்பெனில இருந்து வர்ற வழியிலயே கடை இருக்கு, குவார்ட்டர் கிடைக்குது. ஒண்ணை விட்டா இன்னொண்ணுக்கு ஏன் போறாருன்னு கேட்டீங்களே, இதுதான் காரணம். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டா சூடு இறங்கும், உள்ள இருக்கற தொற்று போகாது, ஒரு கம்பெனி மாத்திரை கிடைக்கலைன்னா இன்னொரு கம்பெனி மாத்திரை. எட்வர்ட் கான்ட்சியன்னு ஒரு மனநல மருத்துவர் 1985-லயே இதை எழுதினாரு, போதைக்குப் போறவங்க பல பேர் சுகத்தைத் தேடிப் போகல, தாங்க முடியாத ஒரு வேதனைக்குத் தனக்குத் தானே மருந்து குடுத்துக்கறாங்கன்னு. எல்லாரும் அப்படித்தான்னு நான் சொல்ல வரல, பரம்பரை இருக்கு, கூட்டாளிங்க இருக்காங்க, தெருவுக்குத் தெரு கடை இருக்கு. ஆனா குழந்தை போறதுக்கு முன்னாடி எந்தப் பழக்கமும் இல்லாத மனுஷன், அது போன பிறகு ஒண்ணு மாத்தி ஒண்ணு பிடிக்கறாருன்னா, எனக்கு வேற காரணம் தேடத் தோணல.

குடி இன்னும் மோசமான மருந்து, ஏன்னா அது ஏமாத்தும். உள்ள போன அரை மணி நேரத்துல இறுக்கம் தளரும், தூக்கம் வரும். ஆனா ஆல்கஹால் ரத்தத்துல இருந்து இறங்க இறங்க ரெண்டு மூணு மணிக்கு முழிப்பு வந்துடும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், அந்த நேரத்துல வர்ற நினைப்பு பகல்ல வர்றதை விடப் பல மடங்கு கறுப்பா இருக்கும். காலைல சோர்வு, எரிச்சல், மேல குற்ற உணர்ச்சி, சாயங்காலம் அந்தக் குற்ற உணர்ச்சியை மறக்கவே இன்னொரு குவார்ட்டர். ஆரம்பத்துல குழந்தையை மறக்கக் குடிச்சவர், இப்ப நேத்து குடிச்சதை மறக்கவும் சேர்த்துக் குடிக்கிறாரு.

மாலை போட்டிருந்தப்போ தொடலைன்னு எழுதியிருக்கீங்களே, அதைத் திருப்பித் திருப்பிப் படிச்சேன். நிறையப் பேர் இதை வெச்சு "பாத்தியா, நினைச்சா விட முடியுது, திமிரு"ன்னு திட்டுவாங்க. எனக்கு வேற மாதிரி தெரியுது. அந்த 41 நாள் அவருக்கு என்னெல்லாம் இருந்துச்சுன்னு எண்ணிப் பாருங்க, விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு பச்சத் தண்ணில குளியல், ரெண்டு வேளை பூஜை, சாயங்காலம் கடை வழியா வராம நேரா பஜனைக்கு, பக்கத்துல பத்துப் பேர், தெருவுல போறவங்க கூட "சாமி"ன்னு மரியாதையா கூப்பிடுவாங்க, சத்தமா சரணம் விளிக்கும்போது கண்ணுல தண்ணி வந்தாலும் ஏன் அழறேன்னு யாரும் கேக்க மாட்டாங்க. ராத்திரி தனியா இருட்டுல படுக்கலை. மாலையைக் கழட்டின அன்னிக்கு இது மொத்தமும் ஒரே நாள்ல போச்சு, நிறுத்தறதுக்கு முன்னாடி இருந்த வாழ்க்கை அப்படியே காத்திருந்துச்சு.

இதே விஷயம் இன்னொரு இடத்துல பெரிய அளவுல தெரிஞ்சுது. வியட்நாம் போர்ல இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள்ல கிட்டத்தட்ட அஞ்சுல ஒருத்தர் அங்க ஹெராயினுக்கு அடிமையா இருந்தாங்க. 1971-ல அவங்க ஊர் திரும்பினப்போ நாடே பயந்துச்சு. லீ ராபின்ஸ்ங்கற ஆய்வாளர் அவங்களைத் தேடிப் போய்ப் பேசி, பரிசோதனையும் பண்ணிப் பாத்தாங்க, அங்க அடிமையா இருந்தவங்கள்ல திரும்பி வந்த முதல் வருஷத்துல மறுபடியும் அடிமையானவங்க 100-க்கு 5 பேர் அளவுதான். குண்டுச் சத்தம், பயம், தனிமை எல்லாம் அங்கயே நின்னுடுச்சு, இங்க வீடு, வேலை, சொந்தம். இடம் மாறினதும் பலருக்கு மருந்து தேவைப்படல. உங்க வீட்டுக்காரருக்கு அந்த இடம் மாறல, அவர் குண்டுச் சத்தத்தை வீட்டுக்குள்ளயே வெச்சிருக்காரு. ஆனா 41 நாள் குடிக்காம இருக்க முடிஞ்சுதுங்கறது எனக்குப் பெரிய நம்பிக்கை. அவர் உடம்பாலயும் மனசாலயும் முடியும்னு அவரே காட்டிட்டாரு, அந்த நாட்கள்ல இருந்ததுல எதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டு வரலாம்னுதான் பாக்கணும்.

இப்ப கொஞ்சம் உங்களைப் பத்தி. கோவிச்சுக்காதீங்க. ராத்திரி ஒரு மணி வரைக்கும் தைக்கிறேன், சும்மா உக்காந்தா பைத்தியம் பிடிக்கற மாதிரி இருக்குன்னு எழுதியிருக்கீங்க. கடன் நிஜம், உங்க உழைப்பாலதான் அந்த வீடு நிக்குது, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனா அந்த ரெண்டாவது பாதி கடனைப் பத்தினது இல்ல. மெஷின் சத்தம் நின்னா உங்களுக்கும் அதே ராத்திரிதான் வருது. அவர் தப்பிச்சுப் போற வழிக்கு ஊர் "குடிகாரன்"னு பேர் வெச்சிருக்கு, உங்க வழிக்கு "எவ்வளவு பொறுப்பான பொண்ணு"ன்னு பேர் வெச்சிருக்கு, அதனால உங்க வலியை யாருமே கவனிக்கல. முதுகு வலி, கண் எரிச்சல், தூக்கமில்லாம இருக்கறது, மகள்கிட்ட சட்டுன்னு கோவம் வர்றது இதெல்லாம் இருக்கான்னு பாருங்க. ஒரே வீட்ல ரெண்டு பேர், ஒரே குழந்தைக்காக, ஆளுக்கொரு ரூம்ல, ஒருத்தருக்கொருத்தர் தெரியாம துக்கம் காத்துட்டு இருக்கீங்க.

தப்பிச்சு ஓடறதே தப்புன்னு நான் சொல்லல, அதையும் தெளிவாச் சொல்லிடறேன். 24 மணி நேரமும் துக்கத்துலயே உக்காந்திருக்க எந்த மனுஷனாலயும் முடியாது. துக்கத்தை ஆராய்ச்சி பண்ற ஸ்ட்ரோப், ஷூட்னு ரெண்டு பேர் 1999-ல எழுதினது எனக்கு ரொம்பப் பிடிக்கும், நல்லபடியா தேறி வர்றவங்க கொஞ்ச நேரம் இழப்புகிட்ட போறாங்க, அழறாங்க, நினைக்கிறாங்க, அப்புறம் கொஞ்ச நேரம் அதை விட்டுட்டு வேலை, சமையல், சீரியல், சிரிப்புன்னு போறாங்க, போயிட்டுப் போயிட்டு வர்றதுதான் இயல்பு. ஒரு பக்கமே போய் அங்கயே தங்கிட்டாத்தான் சிக்கல். அதனால நீங்க சீரியல் பாக்கறதும் தைக்கறதும் அவர் கிரிக்கெட் பாக்கறதும் குறையில்ல. பாத்து முடிச்ச பிறகு கொஞ்சம் லேசாகி வீட்டு ஆளுங்க முகத்தைப் பாக்க முடியுதா, இல்ல முன்ன விட இன்னும் கொஞ்சம் அதிகமாத் தேவைப்படுதா, அதைக் கவனிங்க. ஒரு குவார்ட்டர் அதுக்கும் மேல போகுதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அதுதான் பயப்பட வேண்டிய அடையாளம்.

என்ன பண்ணலாம்னா, குடியைப் பத்தின பேச்சுல ஆரம்பிக்காதீங்க. இத்தனை நாளா நீங்க அழுது, திட்டி, சத்தியம் வாங்கிப் பாத்திருப்பீங்க, அந்தப் பேச்சு எங்க போய் முடியும்னு ரெண்டு பேருக்கும் மனப்பாடம். குழந்தையைப் பத்திப் பேசுங்க. அவர் குடிச்சிருக்கும்போது வேண்டாம், ஞாயித்துக்கிழமை காலைல, முகத்துக்கு முகம் உக்காந்து கேள்வி கேக்கற மாதிரி இல்லாம, வண்டில போகும்போதோ, ரெண்டு பேரும் சேர்ந்து துணி மடிக்கும்போதோ. ஆம்பளைங்க பலருக்குக் கண்ணைப் பாத்துப் பேசறதை விடப் பக்கத்துல உக்காந்து பேசறது சுலபம். "எனக்கு நம்ம பையன் ஞாபகமாவே இருக்குங்க, உங்களுக்கும் இருக்கும்னு தெரியுது. நீங்க தனியா போய் அதைப் பண்ணிட்டு வந்தீங்க, நான் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டதே இல்ல." இவ்வளவு போதும். பதில் வரலைன்னா விட்டுடுங்க, எந்திரிச்சுப் போயிட்டாலும் பின்னாடியே போகாதீங்க. அவர் காதுல விழுந்துடுச்சு. அடுத்த வாரமும் ஒரு வரி. அவன் யாரு மாதிரி இருந்தான்னு கேக்கணும்னு உங்களுக்குத் தோணும், அது உங்க உரிமை, ஆனா அவர் ஒரு வார்த்தையாவது பேச ஆரம்பிச்ச பிறகு கேளுங்க. எங்க அடக்கம் பண்ணினாருங்கறதும் அப்படித்தான். அங்க போகணும்னு ரெண்டு பேருக்கும் தோணினா போங்க, மகளையும் கூட்டிட்டுப் போகலாம், ரெண்டாவது படிக்கற குழந்தைக்குத் தம்பி ஒருத்தன் வரவேண்டியது வரலைன்னு நல்லாவே தெரியும், அவ கேக்காம இருக்கறது உங்க ரெண்டு பேர் முகத்தைப் பாத்து பயந்துதான். பேர் வைக்கணும்னு ஆசையிருந்தா வையுங்க. அந்த நாள் வரும்போது ஒரு விளக்கு, நாலு குழந்தைங்களுக்குச் சாப்பாடு, உங்க வழக்கத்துல எது ஒத்து வருதோ அது. பெரியவங்க "இதுக்கெல்லாம் யாரு செய்வா"ன்னா, நாங்க செய்யறோம்னு சொல்லுங்க.

சாயங்காலம் ஆறரையில இருந்து ஏழரை வரைக்கும்தான் அவருக்கு ஆபத்தான நேரமா இருக்கும், ஷிப்ட் முடிஞ்சு வர்ற வழி. குடிக்கணும்ங்கற அந்தத் துடிப்பு எவ்வளவு வேகமா ஏறினாலும் பொதுவா 20, 30 நிமிஷத்துக்கு மேல உச்சத்துல நிக்காது, தானா இறங்கும், ஆனா அந்த நேரத்துல ஆள் கடை வாசல்ல இருக்கக் கூடாது, பசியோட இருக்கக் கூடாது, தனியா இருக்கக் கூடாது. மகளை டியூஷன்ல இருந்து கூட்டிட்டு வர்ற வேலையை அவர்கிட்ட குடுங்க, தண்டனையா இல்லாம, "அவ அப்பா வந்தாத்தான் சந்தோஷப்படறா"ன்னு சொல்லி. வந்ததும் சூடா ஏதாவது சாப்பிட இருக்கட்டும். மாலை போட்ட குழுவுல அவருக்குப் பிடிச்ச ஒரு குருசாமி இருப்பாரு, அவர்கிட்ட நீங்களே பேசி, வாரத்துல ரெண்டு நாள் கோயிலுக்கு அவரைக் கூப்பிடச் சொல்லுங்க. குடிச்சவங்களும் நிறுத்தினவங்களும் தாங்களே உக்காந்து பேசிக்கற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் 1935-ல அமெரிக்காவுல ஆரம்பிச்சது, தமிழ்லயும் நடக்குது, காசு கிடையாது, பேர் வெளிய போகாது. குடிக்கறவங்க குடும்பத்துக்குன்னு அல்-அனான்னு தனியா இருக்கு. அதுல ஒரு கூட்டத்துக்கு நீங்க போய்ப் பாருங்க, உங்க கதையையே வேற ஒருத்தங்க வாயால கேப்பீங்க.

ஒரு எச்சரிக்கை, இதை வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி வையுங்க. "நாளைல இருந்து ஒரு சொட்டு தொடக் கூடாது"ன்னு திடீர்னு நிறுத்த வைக்காதீங்க. கார்த்திகைல நிறுத்தினப்போ இந்த அளவு குடி இல்ல, இப்ப நிலைமை வேற. ஒரு குவார்ட்டர்னா 180 மில்லி, அதுல கிட்டத்தட்ட 60 கிராம் சுத்த ஆல்கஹால், மாசக்கணக்கா தினமும் அவ்வளவு போன உடம்புல திடீர்னு நிறுத்தினா கை நடுக்கம், வேர்வை, தூக்கமின்மை வரும், சிலருக்கு முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டு மூணு நாள்ல ஆளே குழம்பி இல்லாததெல்லாம் தெரியற மாதிரி பேசலாம். அது வந்தா மந்திரிக்கப் போகக் கூடாது, நேரா எமர்ஜென்சிக்குப் போகணும். டாக்டர் மேற்பார்வைல நிறுத்தினா இதைப் பாதுகாப்பா தாண்டிடலாம், அதுக்கு மாத்திரை இருக்கு, பி1 வைட்டமின் குடுப்பாங்க, அப்புறம் குடிக்கற ஆசையைக் குறைக்கற மருந்தும் இருக்கு. அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைலயும் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிலயும் மனநலப் பிரிவு இருக்கு, செலவு கிடையாது. டாக்டர்கிட்ட குடியை மட்டும் சொல்லிட்டு வந்துடாதீங்க, குழந்தையைப் பத்திச் சொல்லணும், இல்லைன்னா கல்லீரலுக்கு டெஸ்ட் எடுத்து அனுப்பிடுவாங்க, மனசுல இருக்கறது அங்கயே தங்கிடும்.

"நான் போயிட்டா உங்களுக்கெல்லாம் நிம்மதி"ன்னு சொன்னதைப் போதைப் பேச்சுன்னு தள்ளிடாதீங்க. துக்கம், கடன், குடி மூணும் ஒண்ணா சேர்ந்த ஆள் சொல்றது அது. அவர் தெளிவா இருக்கும்போது நேரடியாவே கேளுங்க, "செத்துடலாம்னு நினைப்பு வருதாங்க?" கேட்டா அந்த எண்ணத்தை நாமளே உண்டாக்கிடுவோமோன்னு பயப்படாதீங்க, அப்படி ஆகாது, கேட்டா பாதி பாரம் இறங்கும். வருதுன்னு சொன்னா தனியா விடாதீங்க, வீட்ல பூச்சி மருந்து, சாயப் பவுடர், சேர்த்து வெச்ச மாத்திரை எது இருந்தாலும் அன்னிக்கே வெளிய போகட்டும், அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. 14416, டெலி மனாஸ், 24 மணி நேரமும் தமிழ்ல பேசுவாங்க, இலவசம். நம்ம அரசு 104-ம் இருக்கு. அவருக்கு மட்டும்னு நினைக்காதீங்க, ராத்திரி ஒரு மணிக்கு மெஷினை நிறுத்தினதும் உங்களுக்குத் தாங்கலைன்னா நீங்களும் கூப்பிடலாம்.

பணத்துக்கு, சம்பள அக்கவுண்ட் கார்டை உங்ககிட்ட குடுக்கச் சொல்லி அவர் தெளிவா இருக்கும்போது ரெண்டு பேரும் சேர்ந்து பேசி வெச்சுக்கோங்க, கடன் எவ்வளவுன்னு ஒரு பேப்பர்ல முழுசா எழுதுங்க, மறைச்சு வெச்ச லோன் ஆப் கடன் இருந்தா அதுவும் வெளிய வரட்டும். தடைக்கு அப்புறமும் வெளிநாட்டுல இருந்து நடத்தற ஆட்டங்களுக்கு லிங்க் அனுப்பறாங்க, போனை ஒளிஞ்சு பாக்காதீங்க, ஆனா பேங்க் ஸ்டேட்மெண்டை மாசா மாசம் சேர்ந்து பாருங்க.

இன்னொண்ணு, நீங்க எழுதல, ஆனா எழுதாமலே எனக்குத் தெரியும், "இன்னொண்ணு பெத்துக்கோ, எல்லாம் சரியாயிடும்"னு வீட்ல சொல்லிட்டு இருப்பாங்க. அடுத்த குழந்தை வேணுமா வேண்டாமாங்கறது உங்க ரெண்டு பேர் முடிவு, வேணும்னா மொதல்ல அந்தக் குழந்தை ஏன் இறந்துச்சுன்னு பழைய ஸ்கேன், டிஸ்சார்ஜ் பேப்பரோட மகப்பேறு டாக்டரைப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. போன குழந்தையோட துக்கத்தைத் தீர்க்கற வேலையைப் பிறக்கப் போற குழந்தை தலையில வைக்க வேண்டாம்.

அவர் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன்னு சொல்வாரு, பெரும்பாலும் மொதல்ல அப்படித்தான். அப்போ நீங்க மட்டும் போங்க. குடிக்கற ஆள் வராமலே, வீட்ல இருக்கறவங்களுக்கு எப்போ பேசணும், எப்போ விலகணும், குடிக்காத நாள்ல எப்படிக் கூட இருக்கணும்னு சொல்லிக் குடுத்தாலே கொஞ்ச நாள்ல அந்த ஆளும் சிகிச்சைக்கு வர்ற வாய்ப்பு நல்லாவே கூடுதுன்னு ஆராய்ச்சிகள்ல தெளிவாத் தெரிஞ்சிருக்கு. இந்த வாரமே ஒரு காலை நேரம், பொண்ணை ஸ்கூல்ல விட்டுட்டு, ஓ.பி. சீட்டு போட்டு மனநலப் பிரிவுல உக்காருங்க. தினமும் எவ்வளவு குடிக்கிறாரு, எப்போல இருந்து, கை நடுங்குதா, அந்த "நான் போயிட்டா"ங்கற பேச்சு, இதை ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போங்க. அதுக்கெல்லாம் மேல, முதல் வரியா, எட்டாம் மாசத்துல ஒரு பையன் இருந்தான்னு எழுதிக்கோங்க, உங்க தூக்கத்தைப் பத்தியும் அவங்க கேப்பாங்க, அதையும் மறைக்காம சொல்லுங்க.